கார்ச் சக்கரம் சுழலும் கைக்கடிகாரத்துக்கு மதிப்புரை எழுதுவது எப்படி?

கடந்த சித்திரை விஷுவுக்குப் பெரியவர்கள் கொடுத்த கைநீட்டப் பணத்தோடு தன் சேமிப்பையும் சேர்த்து என் அக்காள் மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கினான். அதன் முகப்பு காரின் அலாய் வீல் போலவே வார்க்கப்பட்டிருந்தது. ஐந்து ஆரங்கள், அவற்றுக்குப் பின்னால் பிரேக் டிஸ்க், ஓரத்தில் அந்த டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் சிவப்பு நிறக் காலிப்பர், நடுவில் உலகறிந்த ஒரு கார் நிறுவனத்தின் சின்னம் ஆகியவை அதில் இருந்தன. மணிக்கட்டை வீசினால் சக்கரம் சுழலும். "மாமா, வண்டி ஓடுது பாருங்க" என்று என்னிடம் காட்டிய அன்று இரவே அவன் அதற்கு மதிப்புரையும் எழுதி முடித்துவிட்டான். எட்டு வரிகள் இருந்தன. எட்டும் சக்கரத்தைப் பற்றியவை. அந்தக் கடிகாரத்தில் மணி பார்க்க முடிகிறதா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எட்டு வாரம் கையில் கட்டி, தென்மேற்குப் பருவமழையில் ஒரு முறையாவது நனைந்த பிறகு எழுதும்படி அவனிடம் சொன்னேன். அந்த எட்டு வாரங்களில் நாங்கள் இருவரும் நாகர்கோவிலிலும் கடற்கரை ஊர்களிலும் செய்து பார்த்த சோதனைகளிலிருந்து உருவானதே இந்த வழிகாட்டி.

இத்தகைய கடிகாரங்களை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காருக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு பழையது, பயனுள்ளதும்கூட. 1972இல் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே வடிவமைத்த கறுப்புக் கடிகாரம், கார் டாஷ்போர்டில் உள்ள கருவிகளைப் போலக் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் குறிகளைக் கொண்டிருந்தது. கண் கூசாமல் ஒரே பார்வையில் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1976இல் வந்த அமிடா டிஜிட்ரெண்ட் என்ற கடிகாரம், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் மணி பார்ப்பதற்காக எண்களை ஒரு பட்டகத்தின் வழியே பக்கவாட்டில் காட்டியது. இந்த இரண்டிலும் காரிலிருந்து எடுத்த கருத்து மணி பார்ப்பதை எளிதாக்கியது. ஆகவே மதிப்புரை எழுதுபவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கடிகாரத்தில் உள்ள கார், நேரத்தைப் படிக்க உதவுகிறதா, இடைஞ்சல் செய்கிறதா, அல்லது சும்மா உட்கார்ந்திருக்கிறதா? சும்மா உட்கார்ந்திருப்பதும் குற்றமில்லை. ஆனால் மூன்றில் எது என்பதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

கடிகாரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் பெட்டியைப் படியுங்கள். இந்தியாவில் பொட்டலமிட்டு விற்கப்படும் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலையும், புகார் சொல்வதற்கான தொடர்பும் பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் விலை மட்டுமே இருந்தது. கார் நிறுவனத்தின் சின்னம் மூன்று இடங்களில் இருந்தும், அந்நிறுவனத்தின் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது என்ற வரி எங்கும் இல்லை. இப்படியான நிலையில் மதிப்புரையில் அதை இன்ன கார் நிறுவனத்தின் கடிகாரம் என்று எழுதுவது தவறு. இன்ன நிறுவனத்தின் சின்னம் பொறிக்கப்பட்ட, தயாரிப்பாளர் பெயர் இல்லாத கடிகாரம் என்று எழுதுவதே நேர்மை. பிறருடைய வணிகச் சின்னத்தை அனுமதியின்றிப் பொறித்து விற்பது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் வாங்கப்போகிறவர் தெரிந்துகொள்ளட்டும். விலை கொடுத்து வாங்கினீர்களா, விற்பவர் இலவசமாகக் கொடுத்தாரா என்பதையும் மேலேயே சொல்லிவிடுங்கள். பொருளை விற்பவரோடு உள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று 2022இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நெறிகள் இல்லாவிட்டாலும் வாசகருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

அடுத்ததாகக் கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். வடசேரிப் பக்கம் நான் வழக்கமாகச் செல்லும் பழுதுபார்க்கும் கடைக்கு இதைக் கொண்டுபோனபோது, அந்தப் பெரியவர் முகப்பை ஏறிட்டும் பார்க்கவில்லை. "மக்கா, சக்கரம் கிடக்கட்டும், மெஷின் என்னன்னு பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே பின்மூடியைத் திறந்தார். மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. பலர் இதைக் கண்டு முழுக் கடிகாரமும் எஃகு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூடி மட்டுமே எஃகு என்பதுதான் அதன் பொருள். கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையிலோ பித்தளையிலோ வார்த்து மேலே பூச்சு ஏற்றியதாக இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து எஃகா என்று தீர்மானிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கடிகாரங்களில் பயன்படும் நல்ல எஃகு வகைகளைக் காந்தம் ஏறக்குறைய இழுப்பதில்லை, துத்தநாகத்தையும் பித்தளையையும் இழுப்பதே இல்லை; எனவே அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. பெல்ட் சேரும் கொம்புகளின் உட்புறத்தையும் பின் செருகும் துளையின் ஓரத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள். பூச்சு முதலில் உரிவது அங்கேதான்.

மூடியைத் திறக்கும்போது மெஷினின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மலிவான கடிகாரத்திலும் நல்ல ஜப்பானிய மெஷின் இருக்கலாம். விலை உயர்ந்ததில் பெயரே இல்லாத ஒன்றும் இருக்கலாம். செல்லின் எண்ணும் முக்கியம். ஒரே அளவில் சில்வர் ஆக்சைடு செல்லும் ஆல்கலைன் செல்லும் வருகின்றன. முன்னது 1.55 வோல்ட் அளவில் கடைசிவரை ஏறக்குறைய நிலையாக நிற்கும்; பின்னது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும், கசியும் வாய்ப்பும் கூடுதல். எங்கள் கடிகாரத்தில் ஆல்கலைன் செல் இருந்தது. பெரியவர் அதை அப்போதே மாற்றிக்கொள்ளச் சொன்னார். விற்கப்பட்ட நிலையிலேயே சோதிக்க வேண்டும் என்பதால் மாற்றாமல் விட்டோம்.

மணி பார்க்க முடிகிறதா?

மதிப்புரையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நேரத்தையும் இங்கேதான் அதிகம் செலவிட வேண்டும்.

கடிகார முகப்பில் பன்னிரண்டு மணிக்குறிகளும் 30 பாகை இடைவெளியில் நிற்கின்றன. ஐந்து ஆரச் சக்கரத்தில் ஆரங்கள் 72 பாகை இடைவெளியில் இருக்கின்றன. ஓர் ஆரம் ஒரு மணிக்குறியோடு பொருந்தி நின்றாலும் மற்ற நான்கும் பொருந்துவதில்லை. அதனால் கண் ஆரத்தை மணிக்குறி என்று எண்ணி ஏமாறுகிறது. ஆறு ஆரமோ பன்னிரண்டு ஆரமோ இருந்திருந்தால் சக்கரமே மணிக்குறியாகப் பயன்பட்டிருக்கும். இதற்கும் மேலாக, சுழலும் சக்கரம் ஒவ்வொரு முறையும் வேறொரு கோணத்தில் போய் நிற்பதால், நேற்றுப் பழகிய பார்வை இன்று உதவாது. வெள்ளி நிற ஆரங்களுக்கு மேல் வெள்ளி நிற முட்கள் வேறு. எந்தக் கார்க் கடிகாரத்தை எடுத்தாலும் முட்களின் நிறத்தையும் அவற்றுக்குப் பின்னால் உள்ள பரப்பின் நிறத்தையும் முதலில் ஒப்பிடுங்கள்.

இதை உங்கள் கருத்தாக மட்டும் எழுதாமல் அளந்து எழுதலாம். வீட்டில் ஐந்து பேரை உட்காரவைத்து, கடிகாரத்தை ஒரு நொடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, என்ன மணி என்று கேளுங்கள். உண்மையான நேரத்துக்கும் சொன்ன நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நிமிடங்களில் குறித்துக்கொள்ளுங்கள். இதையே ஒரு சாதாரண எண் முகப்புக் கடிகாரத்தைக் கொண்டும் செய்யுங்கள். எங்கள் வீட்டில் சாதாரணக் கடிகாரத்தை ஐவரும் இரண்டு நிமிடத்துக்குள் சரியாகச் சொன்னார்கள். சக்கரக் கடிகாரத்தை இருவர் ஒரு மணி நேரம் தவறாகச் சொன்னார்கள்; என் அக்காள் முள் எது என்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நாகர்கோவில் மணிமேடையில் திருவிதாங்கூர் அரசர் காலத்தில், 1893இல் திறக்கப்பட்ட கடிகாரத்தை ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தே மணி சொல்லிவிடுகிறோம். வெண்மையான முகப்பு, கறுத்த முள், அசையாத எண்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. கார்க் கடிகாரத்தில் இவற்றில் எதை விட்டுக்கொடுத்து எதைப் பெற்றிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர் வடிவ முகப்பு என்றால் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். காரில் வேகமானி முள் முழு வட்டம் சுற்றுவதில்லை. கீழே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் முடிந்துவிடுகிறது. கடிகார முள்ளோ முழு வட்டம் சுற்றியாக வேண்டும். இந்த முரண்பாட்டை வடிவமைத்தவர் எப்படித் தீர்த்திருக்கிறார் என்பதை விளக்குங்கள். சிலவற்றில் 20, 40, 60 என்று 240 வரை பன்னிரண்டு எண்களை மணிக்குறிகளின் இடத்தில் அச்சிட்டிருப்பார்கள். அப்போது மூன்று மணி என்பது 60 ஆகிவிடும். பழகிக்கொள்ள எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதுங்கள்.

விளிம்பில் டாக்கிமீட்டர் எண்கள், அதாவது வேகத்தைக் கணக்கிட உதவும் எண்கள் இருந்தால் அவை உண்மையானவையா என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆன நொடிகளால் 3600ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். பன்னிரண்டிலிருந்து கிளம்பிய நொடிமுள் நிற்கும் இடத்தில் அந்த விடையை டாக்கிமீட்டர் அச்சில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 60 என்ற எண் பன்னிரண்டு மணி இடத்திலும், 80 ஒன்பது மணி இடத்திலும், 120 ஆறு மணி இடத்திலும், 240 மூன்று மணி இடத்திலும் இருக்க வேண்டும். இருக்கவில்லையென்றால் அது அலங்காரம். நொடியை நிறுத்தி ஓடவிடும் பொத்தான் இல்லாத கடிகாரத்தில் அந்த எண்களால் பெரிய பயன் இல்லை. பொத்தான் இருந்தால் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில், வேறொருவர் காரை ஓட்ட, நீங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கிலோமீட்டர்க் கற்களைக் கொண்டு சோதியுங்கள். ஓட்டிக்கொண்டே செய்யாதீர்கள். காரின் வேகமானி உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படியே அமைக்கப்படுவதால், சிறு வேறுபாடு வந்தால் அதைக் கடிகாரத்தின் பிழை என்று எழுதிவிடக் கூடாது.

நேரத் துல்லியத்துக்கு ஒரு மாதம் தேவை. செல்லில் ஓடும் இத்தகைய கடிகாரத்தினுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணிக்கையைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அந்தத் துடிப்பே முள்ளை நகர்த்துகிறது. சாதாரண குவார்ட்ஸ் மெஷின் மாதத்துக்கு 15 முதல் 20 நொடி வரை முன்பின் போகலாம். கைபேசியின் தானியங்கி நேரத்தோடு முதல் நாள் நொடி பிசகாமல் ஒத்துவைத்து, அதன்பின் வாரத்துக்கு ஒரு முறை ஒரே வேளையில் வேறுபாட்டைக் குறித்து வாருங்கள்; நடுவில் திருத்தாதீர்கள். நொடிமுள் இல்லாத கடிகாரம் என்றால், நிமிடமுள் குறியைத் தாண்டும் கணத்தைக் கைபேசி நேரத்தோடு சேர்த்துக் காணொளியாக எடுத்துக்கொள்ளலாம். இந்தப் படிகங்கள் பொதுவாக 25 டிகிரி செல்சியஸுக்குச் சரிசெய்யப்பட்டவை. வெப்பம் அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் மெதுவாகும். 35 டிகிரியில் நாளுக்கு ஏறக்குறைய 0.3 நொடி பின்தங்கும் என்பதால், ஓட்டுச் சாய்ப்பின்கீழ் மேசையில் கிடக்கும் கடிகாரமும் கையில் கட்டிய கடிகாரமும் ஒரே விடை தராது. கட்டிக்கொண்டே சோதியுங்கள். எங்கள் கடிகாரம் முப்பது நாளில் 11 நொடி முந்தியது. இதில் அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அப்படியே எழுதினோம்.

நொடிமுள்ளின் முனையில் குட்டிக் கார் ஒட்டியிருக்கும் வகைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. முள் ஒரு பக்கம் கனமாக இருந்தால் சிறிய மோட்டார் அதைத் தூக்கத் திணறும். கடிகாரத்தைப் பன்னிரண்டு மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, முள் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறும் பாதியைக் கவனியுங்கள். ஒன்பது மணி இடத்தில்தான் ஈர்ப்பின் இழுப்பு மிகுதி. அங்கே முள் நடுங்கினாலோ துள்ளிப் பின்வாங்கினாலோ, செல் சற்றுத் தளர்ந்தவுடன் கடிகாரம் நிற்கப்போகிறது என்று பொருள். சுழலும் சக்கர வகையில் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு முட்கள் இடம் பெயர்கின்றனவா என்று பாருங்கள். காதருகே வைத்துச் சத்தத்தையும் கேளுங்கள். முதல் வாரம் மெல்லிய உரசலாக இருந்தது எங்களுக்கு ஆறாம் வாரம் கடகடப்பாக மாறியது. வகுப்பில் ஆசிரியர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது கேட்டது என்று மருமகன் எழுதியிருந்தான். அந்த ஒரு வரி பத்து நட்சத்திரக் குறிகளைவிட வாசகருக்கு உதவும்.

உப்புக் காற்றும் டயர் பெல்ட்டும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுதுபவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. குளச்சலும் முட்டமும் புத்தளம் உப்பளங்களும் பக்கத்தில் இருக்க, பூச்சின் தரத்தைச் சோதிக்கத் தனிக் கூடம் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மாலை கடற்கரையில் நடந்துவிட்டு வந்து, துடைக்காமல் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் ஒரே வெளிச்சத்தில் ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். ஏழாம் வாரம் எங்கள் கடிகாரத்தின் கொம்பு ஓரத்தில் வெண்ணிறப் பொருக்கு தோன்றி, அதைச் சுரண்டியபோது பூச்சும் சேர்ந்து வந்தது. உள்நாட்டில் வாழும் வாசகருக்கு இது இன்னும் தாமதமாக நிகழலாம் என்பதையும் சேர்த்து எழுதுவதே முறை.

நீர் புகாத தன்மையைப் பற்றிப் பின்மூடியில் எழுதியிருப்பதை வைத்துக் கடலில் இறங்காதீர்கள். 30 மீட்டர் என்பது முழுகும் ஆழமன்று; கைகழுவும்போதும் மழையிலும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்ற அளவுக்கே அதை நம்பலாம். உள்ளே ஈரம் புகுந்திருக்கிறதா என்று அறிய, வெயிலில் சிறிது நேரம் கட்டி நடந்து கண்ணாடி இளஞ்சூடான பிறகு, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உட்புறத்தில் பனிபோல் படர்ந்து நின்றால் ஈரம் இருக்கிறது. அடுப்பிலோ தோசைக்கல்லிலோ சூடாக்க வேண்டாம். செல்லுக்கு அது ஆகாது. மழையில் நனைவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்தால் ஒப்பிடலாம்.

டயர்த் தடம் பதித்த பெல்ட்டைப் பற்றி நம்மவர்கள் மற்ற எவரையும்விட நன்றாக எழுத முடியும். குலசேகரம் பக்கம் ரப்பர்ப் பால் வெட்டும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் ஷீட்டின் மணமும், வெட்டிய இடத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலின் மணமும் மூக்கில் பதிந்தவை. அசல் ரப்பரில் அதற்கே உரிய மெல்லிய மணம் இருக்கும், இழுத்துவிட்டால் உடனே தன் நீளத்துக்குத் திரும்பும், வெயிலில் நெடுநாள் கிடந்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் வரும். சிலிக்கோன் வெடிக்காது, மணமும் இராது. ஆனால் தூசியையும் துணியின் பஞ்சையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். பி.வி.சி. என்றால் பெட்டியைத் திறந்தவுடன் பிளாஸ்டிக் நெடி அடிக்கும், மடித்த இடத்தில் தழும்பு நிற்கும், நாளாக ஆக விறைத்துப்போகும். சுவிஸ் கடிகார நிறுவனமான சோபார், இத்தாலியக் கார்ப் பந்தயம் ஒன்றின் பெயரைத் தாங்கிய தன் மில்லெ மிலியா கடிகாரங்களுக்கு 1960களின் டன்லப் பந்தய டயரின் தடத்தையே ரப்பர்ப் பெல்ட்டில் பதித்தது. அதைப் பார்த்துப் பின்பற்றிய மலிவான பெல்ட்டுகள் பல, தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ரப்பரை விட்டுவிட்டன. தடத்தின் பள்ளங்களில் வியர்வையும் மணலும் தங்கும் என்பதால், பெல்ட்டின் உட்புறமும் தடம் பதித்ததா வழவழப்பானதா என்று பாருங்கள். தோலில் அரிப்பு வந்தால் எத்தனையாவது நாளில், பெல்ட்டுக்குக் கீழா மூடிக்குக் கீழா என்று பிரித்து எழுதுங்கள்; மூடிக்குக் கீழ் வந்தால் உலோகத்தில் உள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம். கொம்புகளுக்கு இடையிலான அகலத்தையும் அளந்து தாருங்கள். 18, 20, 22 மில்லிமீட்டர் என்றால் எந்தக் கடையிலும் மாற்றுப் பெல்ட் கிடைக்கும். காரின் பம்பர் போல வளைந்த தனி வடிவம் என்றால், பெல்ட் அறுந்த நாளில் கடிகாரமும் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

எழுதும் முறையைப் பற்றிச் சில சொற்கள் போதும். விளம்பரங்களில் முட்கள் 10:10ஐக் காட்டி நிற்பதால் சின்னம் அழகாகத் தெரிகிறது. நீங்கள் 3:47, 8:20 போன்ற நேரங்களிலும் படம் எடுத்து, முட்கள் தேதியையோ சின்னத்தையோ மறைக்கின்றனவா என்று காட்டுங்கள். கண்ட மகிழ்ச்சியையும் மறைக்க வேண்டாம். மருமகனின் இரண்டாவது மதிப்புரையில் சக்கரம் இன்னமும் அவனுக்குப் பிடிக்கிறது என்பதும், பேருந்தில் பக்கத்து இருக்கைக் குழந்தை அழுகையை நிறுத்தி அதைப் பார்த்தது என்பதும், மணி பார்க்கக் கைபேசியை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. மூன்றும் உண்மை, மூன்றும் வாங்குபவருக்குத் தேவை. நட்சத்திரம் கொடுப்பதானால் கார் வடிவத்துக்கு ஒன்றும் கடிகார வேலைக்கு ஒன்றுமாக இரண்டு தனி மதிப்புகள் கொடுங்கள். கூட்டிச் சராசரி போட்டால் இரண்டும் மறைந்துவிடும்.

பதிந்த பிறகும் மதிப்புரையைத் திறந்தே வைத்திருங்கள். பெட்டியோடு வந்த செல் தீரும் நாள் ஒரு முக்கியமான தகவல். பழுதுபார்ப்பவர்கள் செல் மாற்றும்போது பின்மூடியின் உட்புறத்தில் தேதியைச் சிறிதாக எழுதிவைப்பது வழக்கம். அந்தத் தேதியையும், அன்று சக்கரம் சுழன்றதா என்பதையும் உங்கள் மதிப்புரையின் அடியில் சேர்த்துவிடுங்கள்.